தண்ணீர் ஊற்றாதே

புனே
28 மே 2025

நிதா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. படித்துவிட்டுக் கிழி. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? உன் அத்தாவின் பாத்திரக்கடை விலாசம் எனக்கு மனப்பாடம். காலேஜ் நாட்களில் செஞ்சியில் அனந்தபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அங்கேதானே உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு போனில் என்னை "பொய்க்காரி" என்றாய். நான் என்ன பொய் சொன்னேன்? கம்பெனிக்காரர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஹைட்ரஜனை அழுத்தி சிலிண்டரில் அடைத்து வைப்பது ஆபத்து. எங்கள் பொடி அதைப் பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல இழுத்து வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் திருப்பித் தரும். நூறு கிராம் பொடி ஐந்து கிராம் ஹைட்ரஜனைப் பிடிக்கும்." கருவி அந்த எண்ணைத்தான் காட்டியது. காட்டியதைச் சொன்னேன்.

அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள், ஒருத்தி செஞ்சியில் ஒரு ஷெட்டில் அரைக்கிறாள், இன்னொருத்தி புனேயில் அளக்கிறாள் என்றதும் ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். ஜூன் கடைசியில் அவர்கள் முன்னால் அளந்து காட்ட வேண்டும். ஐந்து வந்தால் நமக்கென்று ஒரு லேப். உன் ஷெட்டில் கரண்ட் போனதும் பாதியில் நிற்கும் அந்த மில்லுக்கு விடுதலை.

சண்டையை அப்புறம் போடலாம். முதலில் புதிதாக ஒரு பொடி அரைத்துக் கொடு. மெக்னீசியத்தைக் கூட்டு. நிக்கலைக் கொஞ்சமாகப் போடு.

சுதா


செஞ்சி
4 ஜூன் 2025

சுதா,

கிழிக்கவில்லை. கடையில் அத்தாதான் உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். "ஜெயசுதாவுக்கு போன் இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நான் கோபப்பட்டது உன் பேச்சுக்காக இல்லை, எண்ணுக்காக. உனக்கு அனுப்பிய பொடியில் மெக்னீசியம் இரண்டு அணுவுக்கு நிக்கல் ஒன்று. அந்தச் சேர்மம் நூறு கிராமுக்கு மூன்று புள்ளி ஆறு கிராமுக்கு மேல் ஹைட்ரஜனைப் பிடிக்காது. எத்தனை நன்றாக அரைத்தாலும் பிடிக்காது. இது உனக்குத் தெரியாததா? ஐந்து என்று கருவி காட்டினால் கருவியைத்தானே முதலில் சந்தேகிக்க வேண்டும்? எங்கேயாவது ஒரு வால்வு கசிந்தால் போதும், வெளியே போகிற வாயுவையும் பொடி உறிஞ்சியதாகக் காட்டும். மறுபடி அளந்தாயா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்கே எனக்கு வேறு தலைவலி. பக்கத்து வீட்டு ராஜம்மாள் நேற்று வந்து ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா அரைக்கற உள்ள? நாளெல்லாம் கடகடகடன்னு. மாவா, மசாலாவா?"

"மெக்னீசியமும் நிக்கலும்மா. ரெண்டும் உலோகம். இரும்பு டப்பாவுக்குள்ள குண்டுங்களோட போட்டுச் சுத்தறேன். குண்டு மோதி மோதி ரெண்டும் ஒண்ணாயிடும்."

"ஒண்ணாயி?"

"ஹைட்ரஜனைப் புடிச்சு வெச்சுக்கும்."

"ஊட்டுக்குள்ள கேஸைப் புடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். சாயங்காலம் தெருக்குழாயடியில் நாலு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆனாலும் நீ கேட்ட கலவையை அரைக்கிறேன். உனக்காக இல்லை. மெக்னீசியம் கூடினால் ஐந்தை நேர்மையாகவே தொட முடியும், அதைப் பார்த்துவிட எனக்கும் ஆசை. ஆனால் அவசரப்படுத்தாதே. மெக்னீசியம் கூடினால் பொடி குடுவைச் சுவரில் அப்பிக்கொள்ளும். ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

நிதா


புனே
10 ஜூன் 2025

நிதா,

அவசரப்படுத்தாதே என்கிறாய். அவசரம் என்னுடையது இல்லையடி, அவர்களுடையது. அந்தப் பெரியவர் வெளிநாடு போகிறாராம். கூட்டத்தை இருபத்தைந்தாம் தேதிக்கே இழுத்துவிட்டார்கள். உன் பொடி இருபத்திரண்டுக்குள் என் கையில் இருக்க வேண்டும். பார்சல்காரர்கள் இதைத் தொடமாட்டார்கள். காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவில் மூடிக் கொடுத்தால் விழுப்புரத்தில் ஆள் வந்து வாங்கி, வண்டியிலேயே கொண்டுவருவார். ஏற்பாடு செய்துவிட்டேன்.

மறுபடி அளந்தாயா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கருவி என் வீட்டு மிக்ஸி இல்லை. நம் பொடி நான் வேலை பார்க்கும் இந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையே இல்லை. லேப் பொறுப்பாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில்தான் வைத்து எடுக்கிறேன். அவருக்குத் தெரியாது. ஜூலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நிலைமையில் நீ அங்கே உட்கார்ந்துகொண்டு ஆசிரியை மாதிரி கேள்வி கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

புதுப் பொடி வந்தால் பழைய எண்ணைப் பற்றிய பேச்சே வராது. அதனால்தான் கேட்கிறேன். ஒரே ஒரு தடவை என் வேகத்துக்கு வா.

சுதா


செஞ்சி
23 ஜூன் 2025

சுதா,

பொடி வரவில்லை என்று உன் ஆள் விழுப்புரத்திலிருந்து சொல்லியிருப்பார். இனி வராது.

வெள்ளிக்கிழமை மதியம் மில்லை நிறுத்தினேன். இன்னும் நன்றாக ஆறவிட்டிருக்க வேண்டும். ஆர்கான் சிலிண்டரும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது, புதுசு திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த வாயுவைக் கையுறைப் பெட்டிக்குள் விட்டு, உள்ளேயிருந்த காற்றைத் தள்ள இது போதும் என்று நினைத்துக் குடுவையைத் திறந்தேன். மூடியில் அப்பியிருந்ததைத் தட்டில் சுரண்டினேன். ஒரு பொறி. அப்புறம் தட்டில் ஒரு வெள்ளை வெளிச்சம், வெல்டிங் வைப்பதுபோல. பெட்டியின் அக்ரிலிக் உருக ஆரம்பித்தது. தட்டை இடுக்கியால் இழுத்துத் தரையில் போட்டு, பக்கத்தில் வைத்திருந்த மணலை அள்ளிக் கொட்டினேன். அடங்கிக்கொண்டுதான் இருந்தது.

தம்பி உசைர் தொழுகை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். புகையைப் பார்த்ததும் தொட்டியிலிருந்து பக்கெட்டில் மொண்டுகொண்டு ஓடி வந்தான். "தண்ணி ஊத்தாத!" என்று கத்தினேன். மில் பக்கத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணி" மட்டும்தான் அவன் காதில் விழுந்ததாம். தண்ணி கேட்கிறாள் அக்கா என்று முழு பக்கெட்டையும் ஊற்றிவிட்டான்.

என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். எரிகிற மெக்னீசியம் தண்ணீரைப் பிளந்தது. அதிலிருந்து வந்த ஹைட்ரஜனும் சேர்ந்து எரிந்தது. ஷெட்டின் தகரக் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சத்தம் பஜார் வரை கேட்டதாம். எனக்குப் புருவமும் முன்முடியும் போனதோடு சரி. உசைருக்கு வலது கை, முழங்கை வரை. கழுத்திலும் கொஞ்சம்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தீக்காயம் என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் செஞ்சியில் அதற்குள் கதை வேறாகிவிட்டது. வெடிக்க வைத்தது உசைராம். அவன் பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அங்கே பேட்டரியும் ஒயரும் கிடக்கிறதே, போதாதா? நாங்கள் முஸ்லிம்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

என் போன், லேப்டாப், உசைர் கடையிலிருந்த போன்கள், எல்லாவற்றையும் சோதிக்க எடுத்துப்போயிருக்கிறார்கள். அத்தாவின் போனுக்குப் பேசாதே. உன் பெயரைக் கேட்டாலே வைத்துவிடுவார்.

நீ வர வேண்டும். இது என்ன வேலை என்று சொல்ல இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான் சொன்னால் நம்ப ஆளில்லை.

நிதா


புனே
27 ஜூன் 2025

நிதா,

உன் கடிதம் நேற்று வந்தது. எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. உசைரின் கை எப்படி இருக்கிறது? விரல்கள் மடங்குகின்றனவா? தோல் ஒட்ட வேண்டும் என்று சொன்னார்களா? எழுது.

கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது. பொடி தாமதம் என்று மட்டும் சொன்னேன்.

வருகிறேன் என்று எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். நான் வந்து "இந்தப் பொடியை அளந்தது நான்" என்று சொன்னால், எங்கே அளந்தாய் என்று கேட்பார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் இங்கே விசாரிப்பார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப் பத்து நாளில் கையெழுத்தாக வேண்டும். நைனா போன வருஷம்தான் ஊரெல்லாம் "என் பொண்ணு சயின்டிஸ்ட்" என்று சொல்ல ஆரம்பித்தார். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

இத்துடன் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். பொடியில் என்ன இருக்கிறது, ஏன் எரியும், எதற்காக உலகமெங்கும் இதை அரைக்கிறார்கள், எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். இதைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். என் பெயர் போடவில்லை. தப்பாக நினைக்காதே. கொஞ்ச நாள் பொறு.

சுதா


செஞ்சி
1 ஜூலை 2025

சுதா,

உன் இரண்டு பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பெயரில்லாத காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இதை எழுதியது யார் என்பதுதான்.

நேற்று நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் பூங்குழலி என்று ஒரு அம்மா. குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"மிஷினை ஓட்டினது யாரு?"

"நான்தான் மேடம்."

"தம்பியைக் காப்பாத்தணும்னு சொல்றியாம்மா?"

"இல்ல மேடம். மிஷின் வாங்கினது நான். அரைச்சது நான். டப்பாவைத் திறந்தது நான். அவன் தண்ணி ஊத்தினான். அவ்ளோதான் அவன் செஞ்சது."

"எதுக்கு அரைச்ச?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பேனாவை மூடினார்.

"நீ சொல்றது உண்மையா இருக்கலாம். எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாது. பொடியை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர லேட்டாவும். அதுவரைக்கும், இது இன்ன வேலைதான்னு பொறுப்பா சொல்ல வேற யாராவது இருக்காங்களா? கூட வேலை செஞ்சவங்க?"

உன் பெயர் நாக்கில் இருந்தது. நான் சொல்லியிருக்கலாம். நீயாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ, சொன்னால் நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேனோ, தெரியவில்லை. "யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றேன். வெளியே வந்தபோது அத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உசைரிடம் ஒரு போலீஸ்காரர் தினமும் வந்து பேசிவிட்டுப் போகிறார். நேற்று அவன் என்னிடம், "அக்கா, பேசாம நான்தான்னு சொல்லிடட்டா? முடிஞ்சிடும்ல" என்றான். அவன் கன்னத்தில் அறையலாம் என்று கை ஓங்கினேன். கட்டுப் போடாத இடமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

உன் ஒப்பந்தம் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னைப் பொறு என்று சொல்லாதே. என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸிலேயே இருக்கிறேன். இதற்குமேல் உன்னைக் கூப்பிடமாட்டேன்.

நிதா


புனே
15 ஜூலை 2025

நிதா,

போன வாரமே இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். விழுப்புரத்தில் ரயில் ஏறியதிலிருந்து, நீ பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, கவனித்தாயா? செஞ்சியில் இருந்த இரண்டு நாளும் மற்ற எல்லாரிடமும் பேசினோம்.

"அளந்தது நான். எந்த மிஷின்ல, எந்தத் தேதியிலன்னு அங்க பதிவு இருக்குது. போன் போட்டே கேளுங்க மேடம்" என்று நான் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். இன்ஸ்பெக்டர் அம்மா என் எதிரிலேயே போன் போட்டார். மறுமுனையில் பொறுப்பாளரின் குரல் எனக்கே கேட்டது. "எந்த சாம்பிள்? யார் அனுமதி கொடுத்தது?" ஆனால் பதிவைப் பார்த்துவிட்டு, "ஆமாம், மெக்னீசியம் நிக்கல்தான், வெடிமருந்து இல்லை" என்று அவர்தானே சொன்னார். உசைரை இனிமேல் தொந்தரவு செய்யமாட்டோம் என்று அந்த அம்மா சொன்னதும் உன் அத்தா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

என் மேசையில் மெமோ காத்திருந்தது. பொறுப்பாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னைக் கேட்டிருந்தா நானே டைம் கொடுத்திருப்பேனே" என்றார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

போவதற்கு முன் ஒரே ஒரு தடவை, அவர் அனுமதியோடு, அவர் பக்கத்தில் நிற்க, உன் பழைய பொடியை அளந்தேன். முதலில் வால்வுகளைச் சோதித்தோம். ஒன்று கசிந்தது, நீ சொன்ன மாதிரியே. மாற்றிவிட்டு அளந்தால் மூன்று புள்ளி மூன்று. ஹைட்ரஜனை நாலைந்து முறை ஏற்றி இறக்கினோம், அதே எண்.

அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பெரியவர், "அடுத்த வருஷம் ஐந்து ஆகுமா?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எனக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது, பார். "தெரியாது சார். மெக்னீசியம் அதிகமா போட்ட பொடியை நாங்க இன்னும் ஒரு தடவைகூட அளக்கல. அது எரிஞ்சிடுச்சு" என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். அதோடு சரி.

அளக்கும் கருவியை நாமே கட்டலாம் என்று தோன்றுகிறது. ஸ்டீல் குழாய், கசியாத வால்வு, ஒரு நல்ல பிரஷர் மீட்டர். வரைந்துகொண்டிருக்கிறேன். எதற்கு வரைகிறேன் என்று கேட்காதே. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எங்கே போவது என்றும் தெரியவில்லை. அனந்தபுரத்துக்குப் போய் நைனா முகத்தில் எப்படி முழிப்பேன்?

சுதா


அனந்தபுரம்
2 ஆகஸ்ட் 2025

சுதா,

மேலே ஊர்ப் பெயரைப் பார். நான் உன் நைனாவின் நிலத்து மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஷெட்டைக் காலி செய்யும்படி தெருவில் எல்லாரும் சேர்ந்து வந்து அத்தாவிடம் கேட்டார்கள். நியாயம்தான், நானே ஒப்புக்கொண்டேன். ராஜம்மாள் மட்டும் தனியாக வந்து, "உன் தம்பி மேல போட்டுப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, உடனே, "ஆனா இங்க வேணாம் தாயே, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றார்.

உசைரைப் பார்க்க உன் நைனா ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை என்னை வெளியே கூப்பிட்டார்.

"மிஷினை இன்னா பண்ணப் போற?"

"விக்கணும் நைனா." நீ கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படியே வந்துவிட்டது.

"எதுக்கு விக்கற? நம்ம கொட்டாயில கொண்டாந்து வை. சுத்துவட்டாரத்துல வேர்க்கடலையைத் தவிர ஒருத்தரும் கெடையாது. எவ்ளோ வேணா கடகடன்னு ஓட்டிக்க."

"எரியும் நைனா."

"அதான் தெரியுதே. எரியாம பாத்துக்க."

குட்டி யானை வண்டியில் மில்லை ஏற்றிக் கொண்டுவந்தோம். உசைர் இடது கையால் ஒரு பக்கம் தூக்கினான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுக்க மடங்கவில்லை. மறுபடி கடை திறப்பானா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.

நேற்று நைனா கேட்டார், "சுதாவுக்கு வேலையெல்லாம் எப்படிப் போவுதாம்?"

நீ அவரிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஸ்க்ரூவை முறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"வேலை போனாலும் அவ சொல்ல மாட்டா. அவ அம்மா மாதிரி. போனா போவுது, வந்து சேரச் சொல்லு. நானா கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மடை பார்க்கப் போய்விட்டார்.

மெக்னீசியத்தைக் கூட்டி மறுபடி அரைத்திருக்கிறேன். அதே கலவைதான். இந்த முறை சிலிண்டர் நிறைய ஆர்கான். ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, குடுவை கைக்குச் சில்லென்று ஆகும்வரை காத்திருந்தேன். திறக்கும்போது உசைரை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றான். "நான் உள்ளதான் நிப்பேன்க்கா. இப்ப தெரியும்ல, இன்னா ஊத்தணும், இன்னா ஊத்தக் கூடாதுன்னு."

திறந்தேன். எரியவில்லை. கன்னங்கரேலென்று, மையைவிட நைசாக இருக்கிறது. கண்ணாடிக் குப்பியில் அடைத்து எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது மூன்று பிடிக்குமா, ஐந்து பிடிக்குமா, ஒன்றுமே பிடிக்காதா, எனக்குத் தெரியாது. அளந்து தெரிந்துகொள்ள இங்கே கருவி இல்லை. கொட்டகைக்கு வெளியே நடக்கிறேன், மறுபடி உள்ளே வந்து குப்பியைப் பார்க்கிறேன், மறுபடி வெளியே போகிறேன். நைனா வரப்பிலிருந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு வா.

நிதா